அம்மி இல்லாத அடுக்களைகள்

லண்டன் மாநகரில் 1747ஆம் வருஷம், ஆசிரியர் பெயரை மறைத்து ‘ஒரு சீமாட்டி எழுதியது’ என்று மாத்திரம் முகப்பில் பொறித்து வெளிவந்த சமையற் புத்தகம் ஒன்று, இந்திய முறையில் கறி சமைக்கும் விதத்தைத் தன் வாசகிகளுக்குச் சொல்லி வருகையில், கொத்தமல்லி விதையை எதில் வறுப்பது என்ற இடத்துக்கு வந்ததும், கணப்பில் கரி அள்ளிப் போடுகிற இரும்புக் கரண்டியைச் சுத்தமாகத் துடைத்தெடுத்து, அதிலேயே விதையைப் பரப்பி நெருப்பின்மேல் காட்டிச் சிவக்க வறுத்துக்கொள்ளும்படி யோசனை கூறுகிறது. எண்ணெயும் நெய்யும் இல்லாமல் வெறுமனே வறுக்கிற வேலைக்கு அவர்கள் கைக்கு முதலில் அகப்பட்டது அதுதான் போலும். ஆங்கிலத்தில் அச்சேறிய முதல் கறி என்று பொதுவாகக் கருதப்படுவது, ஆகவே, கரிக் கரண்டியில் பிறந்தது; சிலேடைக்காக நான் இதைச் சொல்லவில்லை, சிலேடை தானாக வந்து வாய்த்துவிட்டது.

அந்தச் சீமாட்டியின் பெயர் ஹன்னா கிளாஸ். இந்தியாவை மிதித்தவரல்லர்; கப்பலில் திரும்பி வந்தவர்கள் யாரேனும் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கலாம். அவர் சொல்லும் முறைப்படி, இரண்டு கோழிகளையோ முயல்களையோ சிறு துண்டுகளாக நறுக்கி, மூன்று நான்கு வெங்காயத்தைப் பொடியாக அரிந்து சேர்த்து, முப்பது மிளகும் ஒரு பெரிய கரண்டி அரிசியும் வறுத்து இடித்த மல்லித்தூளும் உப்பும் கலந்து, அளவாகத் தண்ணீர் விட்டு மெதுவாக வேகவைத்து, கடைசியில் ஒரு வாதுமைக்கொட்டை அளவு வெண்ணெயைப் போட்டுக் குலுக்கி இறக்கிவிட வேண்டும். மஞ்சள் இல்லை, மிளகாய் இல்லை, புளி இல்லை, தேங்காய் இல்லை, கறிவேப்பிலை என்கிற நாமதேயமே இல்லை. இதைப் படிக்கிற நம்முடைய குடும்ப ஸ்திரீகளுக்குச் சிரிப்பு வருவது இயற்கைதான். ஆனால் சொல்லின் பூர்வோத்தரம் அறிந்தவர்கள் அவ்வளவு சுலபமாகச் சிரித்துவிட முடியாது. முசிறித் துறைக்கு யவனர்களின் மரக்கலங்கள் பொன்னைச் சுமந்து வந்து எதை ஏற்றிக்கொண்டு மீண்டன என்று அகநானூற்றுப் புலவர் ஒருவர் கூறுமிடத்தில், ‘கறி’ என்ற சொல்லுக்கு மிளகு என்றே பொருள். சோற்றோடு சேர்த்துண்ணும் வியஞ்சனம் என்ற பொருளும், அதன்பின் இறைச்சி என்ற பொருளும் அந்தச் சொல்லுக்குப் பிற்காலத்தில் மேலோங்கி நின்றவை. போர்த்துக்கீசியர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த ஒரு காய்க்கு, மிளகைப்போல் காரமுடையது என்பதற்காக மிளகாய் என்று நாம் பெயரிட்டதும் அந்தப் பிற்காலத்துச் சமாசாரமே. மிளகையும் மல்லியையும் மட்டும் நம்பி இறங்கிய ஹன்னா கிளாஸ், தம்மை அறியாமலே, நம்முடைய சொல்லின் மிகப் பழைய அர்த்தத்துக்கு விசுவாசமாக இருந்துவிட்டார்.

அவருடைய புத்தகம் பல பதிப்புகள் கண்டது. அவரோ கடன்பட்டு, திவாலாகி, கடனாளிகளை அடைக்கும் சிறைக்கும் போய் வந்தார். பிந்திய பதிப்புகளில் அந்தக் கறிக்குள் மஞ்சளும் இஞ்சியும் வந்து சேர்ந்தன. அம்மி மாத்திரம் வந்து சேரவில்லை.

அம்மியைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கட்டுரையின் கதை முழுவதும் அதன் இன்மையைப் பற்றியது. அம்மியில் அரைப்பதைப் பொடி செய்வதோடு ஒன்றாகக் கருதுபவர்கள் அரைத்துப் பழகாதவர்கள். கடினமான சரக்கு முதலில், அதாவது மிளகாய் வற்றலும் மல்லியும், அவை மசிந்த பிறகு மிளகு, சீரகம், பிறகு தேங்காய், எல்லாவற்றுக்கும் கடைசியில், ஒரு நசுக்கோடு விட்டுவிட வேண்டிய சின்ன வெங்காயம், இடையிடையே தண்ணீரைத் தெளித்து, குழவியை முன்னும் பின்னுமாக ஓட்டி, விளிம்புக்கு ஓடுவதை விரலால் வழித்து நடுவுக்குக் கொண்டுவந்து, மீனுக்கு இன்ன நைவு, கோழிக்கு இன்ன நைவு, பொரியலுக்கு ஒன்றிரண்டு என்று கையே கண்டுபிடித்து நிறுத்தும். வழித்தெடுத்த பின் அம்மியைக் கழுவுகிற தண்ணீரையும் கொட்டிவிடாமல் குழம்புச் சட்டியிலே ஊற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். குழம்பின் ருசியில் பாதி அந்தக் கழுநீரில் இருக்கிறது என்பது என் பாட்டியாருடைய சித்தாந்தம். ஈரத்தோடு அரைபட்ட மசாலை அன்றைக்கே செலவாக வேண்டியது, அதை அளக்கப் படியோ தராசோ கிடையாது, கண்திட்டந்தான். இப்படிப்பட்ட ஒரு பக்குவத்தை மிளகு மூட்டையைப் போலக் கப்பலில் ஏற்றி அனுப்புவது எங்ஙனம்? கல்லை வேண்டுமானால் அனுப்பலாம். ஒரு தேசத்துப் பதார்த்தத்தை மற்றொரு தேசத்தார் தம் வீட்டிலே சமைக்கப் புகுந்த வரலாறு, இந்தக் கறியைப் பொறுத்தவரையில், அம்மிக்குப் பிரதியாக என்னென்ன பொருள்களை உண்டாக்கினார்கள் என்பதன் வரலாறாகவே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் உண்டான பிரதி, தூள். கும்பினி உத்தியோகத்தில் பணம் திரட்டிக்கொண்டு தாய்நாடு திரும்பிய கனவான்களுக்கு, திரும்பிய பிறகுதான் நாக்கு கீழ்த்திசையை நோக்கி இழுக்க ஆரம்பித்தது. 1773ஆம் வருஷத்திலேயே லண்டனில் ஹேமார்க்கெட் பக்கத்துக் காப்பிக் கடை ஒன்றில் கறி கிடைத்தது. 1784இல் பிக்காடில்லி வீதியிலிருந்த ஒரு கடை, கீழ்த்திசையிலிருந்து வருவிக்கப்பட்ட கறித்தூள் தன்னிடம் விற்பனைக்கு உண்டென்றும், அது ஜீரண சக்தியை வளர்ப்பதோடு இரத்த ஓட்டத்தையும் சீர்படுத்தும் என்றும் பத்திரிகையில் விளம்பரம் செய்தது. அந்தக் கடை மளிகைக் கடையன்று. வாசனைத் திரவியங்கள் விற்கும் கடை. பன்னீருக்கும் முகப்பூச்சுக்கும் பக்கத்தில் ஒரு புட்டியாகக் கறித்தூள் கொலுவீற்றிருந்த காட்சியை நினைக்கையில், ஊர்விட்டு ஊர் போனால் ஒரு சரக்குக்கு எத்தனை மரியாதை கூடிவிடுகிறது என்று ஆச்சரியப்படாமல் இருக்க முடியவில்லை.

பாட்னா நகரத்தில் பிறந்து கும்பினிப் படையில் ஊழியம் செய்து அயர்லாந்தில் குடியேறிய டீன் முகமது என்பவர், 1810ஆம் வருஷம் லண்டனில் போர்ட்மன் சதுக்கத்தையடுத்து ‘இந்துஸ்தானி காப்பி ஹவுஸ்’ என்று ஒரு போஜனசாலையைத் திறந்தார். மூங்கில் நாற்காலிகள், உக்கா, சுவரில் இந்தியக் காட்சிகள் எல்லாம் வைத்துப் பார்த்தும் 1812இல் திவாலாகிவிட்டார். காரணமாகச் சொல்லப்படுவது கவனிக்கத் தக்கது: இந்திய உணவில் ஆசை உண்டாகி, அதற்குப் பணமும் உடையவர்கள், வெளியே போய் உண்ண வேண்டிய அவசியமில்லாதபடி வீட்டிலேயே அதைச் சமைப்பித்துக்கொண்டார்கள். கடையிலே தோற்ற கறி வீட்டிலே வென்றது.

அதே காலத்தில் சென்னையில் நேர்ந்ததோ இன்னும் வேடிக்கை. இங்குள்ள வெள்ளைக்காரர் வீடுகளில் அடுக்களை என்பது பிரதான பங்களாவுக்குப் பின்னால், தோட்டத்து மூலையில், துரைசானியம்மாள் கால்வைக்காத இடத்தில் இருந்தது. அம்மியும் குழவியும் அங்கே இருந்தன. அரைக்கிற கையும் இருந்தது. போஜனத்தின் தொடக்கத்தில் சூப் பருகியே ஆக வேண்டும் என்ற துரைமாரின் நியமத்துக்கு ஈடாக நம்மவர்கள் மிளகுத்தண்ணீரை வைத்துக்கொடுக்க, அதிலே இறைச்சியும் பிறவும் வந்து விழுந்து, அது கெட்டிப்பட்டு, ‘மல்லிகடானி’ என்ற விசித்திர நாமத்தோடு இங்கிலாந்தின் சாப்பாட்டு மேஜை வரைக்கும் போயிற்று. சென்னை ராஜதானியின் உத்தியோகஸ்தர்களுக்கே அந்தச் சூப்பின் பெயரைச் சுருக்கி ‘மல்’ என்று மற்ற ராஜதானியார் கேலிப் பெயர் சூட்டினார்கள். ஜுரத்தில் கிடப்பவனுக்கு ஊற்றுகிற ரசம், ஒரு ராஜதானியின் அதிகார வர்க்கம் முழுவதற்கும் பெயராக அமைந்தது என்பதை நம்முடைய சரித்திராசிரியர்கள் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

சென்னைக் குதிரைப் படையைச் சேர்ந்த கென்னி ஹெர்பர்ட் என்ற அதிகாரி, ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் ‘மெட்ராஸ் மெயில்’ பத்திரிகையில் எழுதிவந்த சமையற் குறிப்புகளை 1878இல் புத்தகமாக வெளியிட்டார். பழைய நாளில் துரைமாரின் விருந்துகளை அலங்கரித்த கறிகள், பிரெஞ்சுப் பாகம் நாகரிகமான பிறகு, இராப்போஜனத்திலிருந்து தள்ளுண்டு, பகலுணவுக்கு மட்டும் என்று ஒதுங்கிவிட்டதைக் குறித்து அவர் வருந்துகிறார். வருந்துவதோடு நில்லாமல், கறித்தூளை வீட்டிலே பக்குவமாகச் செய்து வைக்க வேண்டிய விதம், தேங்காய்ப் பால் சேர்க்க வேண்டிய சமயம், புளியும் வெல்லமும் சேர்ந்து தருகிற அந்த மெல்லிய புளிப்பினிப்பு இல்லாவிட்டால் கறி ஏன் சோபிக்காது என்பவற்றையெல்லாம், ருசி அறிந்த மனிதர் எழுதுகிற கவனத்தோடு எழுதுகிறார். எனக்கு அந்தப் புத்தகத்தில் மிகவும் மரியாதை உண்டு. ஒரே ஒரு குறை. அதில் சமையற்காரர் வருகிற இடமெல்லாம் அவருக்கு ‘ராமசாமி’ என்று பெயர். சென்னையிலிருந்த அத்தனை சமையற்காரர்களும் அந்த ஒரு பெயருக்குள் அடங்கிவிட்டார்கள்.

இங்கிலாந்தில் இருந்துகொண்டே கறியைப் பற்றி எழுதியவர்களில் உண்மையை உள்ளபடி கண்டவர் எலைசா ஆக்டன் என்ற அம்மையார். 1845இல் வெளியான தம் நூலில், கீழ்த்திசைக் கறிகளுக்கும் இங்கிலாந்தின் கறிகளுக்கும் உள்ள தாரதம்மியத்துக்குத் தம் நாட்டுச் சமையற்காரிகளின் அனுபவக் குறைவு ஒன்றே காரணமாகாதென்றும், பசுமையாகச் சேர்க்க வேண்டிய பொருள்கள் தங்களுக்கு எட்டாமற் போனதும் காரணமாகலாமென்றும், தங்கள் ஊர்க் கறியில் மஞ்சளும் மிளகாயும் வரம்பு மீறித் தலைதூக்கி நிற்கின்றன என்றும் அவர் எழுதினார். குறையை அறிந்தும், தேங்காயைத் துருவிச் சேர்த்துப் பாருங்கள் என்று சொல்லுகிற சிரத்தை அவரிடம் இருந்தது. பதினாறு வருஷம் கழித்து 1861இல், இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பங்களுக்கெல்லாம் வேதமாக விளங்கிய தம் இல்லற நூலை வெளியிட்ட பீட்டன் அம்மையாரோ, கறித்தூள் செய்யும் முறையைக் கொடுத்துவிட்டு அதன் அடியிலேயே, நல்ல கடையில் விற்கிற தூள் பெரும்பாலும் இதைவிட உயர்ந்தது, யோசித்துப் பார்த்தால் சிக்கனமும்கூட என்று எழுதி முடித்துவிட்டார். வீட்டில் அரைப்பதா, கடையில் வாங்குவதா என்ற வழக்கில் அங்கே அன்றே தீர்ப்பாகிவிட்டது.

தூள் வந்தபின் வேறொரு சங்கடம் தோன்றிற்று. நம் குழம்பு கெட்டிப்படுவதற்குக் காரணம், அரைத்த தேங்காயும் கசகசாவும் மல்லியும் வெங்காயமும் ஆகிய அம்மிச் சரக்கு. தூளைத் தண்ணீரில் கரைத்தாலோ அது தண்ணீராகவே நின்றது. அதற்கு இங்கிலாந்துச் சமையற்காரிகள் கண்ட பரிகாரம், தங்கள் கைக்குப் பழக்கமான கோதுமை மாவு. வெண்ணெயில் மாவை வறுத்துத் தூளைக் கலந்து, புளிக்குப் பதிலாக ஒரு புளிப்பு ஆப்பிளையும் அரிந்து போட்டார்கள். மாவு சேர்ந்த கறியை நம்முடைய ஆசாரப்படி மன்னிப்பது கஷ்டம். ஆயினும் அந்த மாவைப் பற்றிய சங்கதி இத்துடன் முடியவில்லை.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன்: தூள் என்பதே அந்நியர் கண்டுபிடித்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. யாழ்ப்பாணத்து வீடுகளில் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் முதலியவற்றைக் கருகாமல் நிறம் மாற வறுத்து, உரலில் இடித்து, அரித்து, போத்தலில் அடைத்து வைப்பதை அங்குள்ளவர்கள் கறித்தூள் என்றே சொல்லுகிறார்கள். வீட்டுக்கு வீடு அதன் நிறமும் மணமும் வேறு. லண்டன் கடைகளின் தகரடப்பாக்களில் ‘மெட்ராஸ் கறித்தூள்’ என்ற பெயரில் விலைபோன பொருளுக்கோ ஊர் முழுவதற்கும் ஒரே நிறம், ஒரே மணம். சென்னையிலே அந்தப் பெயரைச் சொல்லி யாரிடம் கேட்டாலும் எந்தக் கறிக்கு என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

இனி மாவின் கதை. ஜப்பான் தேசத்தில் 675ஆம் வருஷத்து அரச ஆணை ஒன்றிலிருந்து தொடங்கி, பௌத்த தர்மத்தை அனுசரித்து, மாட்டிறைச்சி முதலியன பல நூற்றாண்டுகள் விலக்கப்பட்டிருந்தன. 1868இல் மெய்ஜி ஆட்சி ஏற்பட்டு, மேல்நாட்டு வாழ்க்கை முறைகளைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற வேகம் பிறந்தபோது, மேல்நாட்டுச் சமையலும் அந்தப் பாடத்தில் ஒரு பகுதியாயிற்று. 1872இல் மாத்திரம் அங்கே மேல்நாட்டுச் சமையலைக் கற்பிக்கும் புத்தகங்கள் இரண்டு வெளிவந்தன. இரண்டிலும் கறி இருக்கிறது. அவற்றுள் ஒன்று, வெங்காயத் தாள், இஞ்சி, பூண்டு ஆகியவற்றை வெண்ணெயில் வதக்கி, கோழி, இறால், மீன், சிப்பி இவற்றோடு தவளையையும் சேர்த்து வேகவைத்து, கறித்தூளும் கோதுமை மாவும் கரைத்து விடச் சொல்லுகிறது. தவளையைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. கவனிக்க வேண்டியது மாவு. ஜப்பானியர் கறியைக் கற்றது இங்கிலாந்தினிடமிருந்து. ஆதலால் இங்கிலாந்து தன் இயலாமைக்காகச் சேர்த்துக்கொண்ட மாவையும், பதார்த்தத்தின் பிறவிக் குணம் என்றே எண்ணி அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கறியை அவர்கள் மேல்நாட்டுப் பண்டங்களின் வரிசையிலேயே வைத்தார்கள்.

வீடுகளுக்குள் அது நுழைந்த வழி போர்க்கப்பல் வழி. அந்நாட்டுக் கடற்படையை அக்காலத்தில் பெரிபெரி என்ற வியாதி வாட்டி வந்தது. 1882, 83இல் நீண்ட யாத்திரை சென்ற ‘ரியூஜோ’ என்ற கப்பலில் 376 பேரில் 169 பேர் நோயுற்று 25 பேர் மாண்டார்கள். லண்டனில் வைத்தியம் பயின்று வந்த டகாகி கனேஹிரோ என்பவர், தீட்டிய அரிசியே பெரும்பங்காக உள்ள உணவில்தான் கோளாறு என்று யூகித்து, இறைச்சியும் வாற்கோதுமையும் ரொட்டியும் மிகுந்த உணவைக் கொடுத்து 1884இல் மற்றொரு கப்பலை அதே மார்க்கத்தில் அனுப்பச் செய்தார். அதில் 14 பேருக்கு மாத்திரமே நோய் கண்டது. புரதக் குறைவே காரணம் என்று அவர் நினைத்தது பிழை. ஜீவசத்து என்ற ஒன்று இருப்பதை உலகம் அப்போது அறியாது. காரணம் பிழைபட்டும் மருந்து பலித்தது. இறைச்சியையும் மாவையும் சோற்றின்மேல் ஒருசேர ஊற்றிக் கொடுத்துவிடுகிற கறி, இப்படிப்பட்ட உணவுத் திட்டத்துக்கு வெகு பொருத்தமாக அமைந்தது. 1908இல் கடற்படையார் வெளியிட்ட சமையல் நூலில் மாட்டுக் கொழுப்பில் மாவை வறுத்து, உருளைக்கிழங்கும் காரட்டும் வெங்காயமும் சேர்த்துச் செய்யும் ‘கரே ரைசு’ இடம்பெற்றிருக்கிறது. படையில் சேர்ந்திருந்த குடியானவர் வீட்டுப் பிள்ளைகள், ஊழியம் முடிந்து ஊர் திரும்பும்போது இதைச் செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டு போனார்கள். கடலிலே நாள் கிழமை மறந்துபோகாதிருக்க வெள்ளிக்கிழமைதோறும் கறி என்ற வழக்கம் அந்நாட்டின் இன்றைய கடற்படையில் நிலைத்திருக்கிறது.

1923இல் யமசாகி மினேஜிரோ என்பவர் இங்கிலாந்துத் தூளை எதிர்பாராமல் உள்நாட்டிலேயே கறித்தூள் செய்வதில் வெற்றி கண்டார். இரண்டாவது மகாயுத்தத்துக்குப் பிறகு, தூளையும் மாவையும் கொழுப்பையும் முன்கூட்டியே வறுத்துச் சேர்த்து, வெல்லக் கட்டிபோல் அச்சில் வார்த்த வில்லைகள் புறப்பட்டன. காய்கறியையும் இறைச்சியையும் வேகவைத்து, வில்லையை ஒடித்துப் போட்டுக் கிளறினால் தீர்ந்தது. 1963இல் ஹவுஸ் என்ற கம்பெனி, பிள்ளைகளுக்குக் காரம் உறைக்காதபடி ஆப்பிளும் தேனும் சேர்த்து, அமெரிக்க நாட்டு மாகாணம் ஒன்றின் பெயரால் ‘வெர்மாண்ட் கறி’ என்று ஒரு வில்லையை விற்கத் தொடங்கிற்று. 1968இல் பையோடு வெந்நீரில் போட்டுச் சுடவைத்தால் போதும் என்ற ‘பான் கறி’யும் வந்து, அரைப்பதோடு சமைப்பதையும் மிச்சப்படுத்திவிட்டது. தமிழ்ச் சொல், இங்கிலாந்து மாவு, அமெரிக்கப் பெயர், ஜப்பானியச் சோறு!

இந்தப் போக்கை எதிர்த்து நின்றவர் ஒருவர் உண்டு. 1915இல் ஆங்கில அரசாங்கத்தின் கைக்குத் தப்பி ஜப்பானுக்கு ஓடிய வங்காளத்துப் புரட்சிக்காரர் ராஷ் பிஹாரி போஸை, டோக்கியோவில் நகமுராயா என்ற ரொட்டிக் கடையின் உரிமையாளர்களான தம்பதிகள் ஒளித்துவைத்துக் காப்பாற்றி, பின்னர்த் தங்கள் மகளையும் மணம் செய்துகொடுத்தார்கள். மாவுக் குழம்பைக் கறி என்று அந்த ஊரார் உண்பதைக் கண்டு அவருக்குப் பொறுக்கவில்லை. 1927இல் அந்தக் கடை போஜனசாலையாகவும் விரிந்தபோது, எலும்போடு கூடிய கோழியும் தனித்தனி மசாலைச் சரக்குகளும் கொண்டு, மாவைத் தொடாமல், தம் தேசத்து முறைப்படி கறி சமைக்கச் செய்தார். மற்றக் கடைகளைப் பார்க்க விலை பல மடங்கு அதிகமாயிருந்தும் அது நிலைத்தது. இருந்தும் அந்தக் கறியை உண்ணக் கடைக்கு வந்தவர்கள், வீட்டுக்குப் போய் மாவுக் கறியையே சமைத்தார்கள். ஏனெனில் அதற்குள் அது அவர்களுடைய தாய்மார்களின் சமையலாகிவிட்டது. வில்லைதான் என்றாலும், இரண்டு கம்பெனி வில்லைகளைக் கலப்பது, கொஞ்சம் காப்பித்தூளோ, சாக்லேட்டோ, சோயாச் சாறோ யாருக்கும் சொல்லாமல் சேர்ப்பது என்று வீட்டுக்கு வீடு ஒரு இரகசியம் முளைத்துவிட்டது. அம்மியை ஒழித்துக் கட்டிய பின்னும் கைப்பக்குவம் ஏதோ ஓர் இடுக்கு வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அங்குள்ள குடும்பங்களில் இன்னொரு நம்பிக்கையும் பரவியிருக்கிறது. முதல்நாள் இராத்திரி செய்த கறியைச் சட்டியோடு வைத்திருந்து மறுநாள் சுடவைத்து உண்டால் அதன் ருசியே தனி என்பார்கள். அதற்காகவே வேண்டுமென்று கூடுதலாகச் செய்து வைப்பவர்களும் உண்டு. இதை எந்தச் சமையற் புத்தகமும் இங்கிருந்து கொண்டுபோய்க் கொடுத்திருக்க முடியாது. தூளிலும் வில்லையிலும் எழுதி அனுப்பியிருக்கவும் முடியாது. எங்கள் வீட்டில் மீன்குழம்பு வைக்கிற நாளில், பாட்டியார் இரண்டு துண்டு மீனைச் சட்டியின் அடியில் ஒளித்து, மேலே ஒரு தட்டை மூடி, உறியில் ஏற்றிவிடுவார்கள். விடிந்ததும் முதலில் எழுந்திருப்பவனுக்குத்தான் அது.